பின்னால் இருக்கப் போவது யார்?

வாசகர் கேள்வி: எனக்கு 67 வயது. கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து அஜாக்ஸில் ஒரு தொழிற்சாலையில் 29 வருடம் வேலை செய்து, போன வருடம் இளைப்பாறினேன். மின்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடும் 11 ஏக்கர் காணியும் வாங்கியிருக்கிறோம். காணிக்குள்ளும் அந்தப் பக்கத்துப் பாதைகளிலும் ஆறுதலாக ஓடித் திரிய ஒரு ஏ.ரி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடுகிற நாலு சில்லு வண்டி) வாங்க விருப்பம். வேகம் வேண்டாம். மகன் 850 சீசீ எடுக்கச் சொல்கிறான். சின்னதை எடுத்தால் பிறகு காணாது என்கிறான். வலது முழங்கால் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. எல்லாம் சேர்த்து 15,000 டொலர் வரை செலவழிக்கலாம். மனுசியும் இடைக்கிடை பின்னால் ஏறுவா. பேரனுக்கு ஆறு வயது, அவனுக்கும் ஆசை. இளம் வயதில் கிளிநொச்சியில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓடி வயல் உழுதவன் நான், அதனால் பயம் இல்லை. எதை வாங்கலாம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எத்தனை சீசீ என்பதைப் பற்றித்தான் நீங்களும் மகனும் நிறைய யோசித்திருக்கிறீர்கள். "மனுசியும் இடைக்கிடை பின்னால் ஏறுவா" என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எந்த வண்டி என்பதைத் தீர்மானிக்கப் போவது அந்த வரிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏ.ரி.வி.களில் பெரும்பாலானவை ஒருவர் மட்டும் ஓடுவதற்குச் செய்தவை. இருக்கை நீளமாக இருக்கும். பார்த்தால் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம் போலத் தோன்றும். அந்த நீளம் பின்னால் ஆள் இருப்பதற்காக விட்டதல்ல. ஓட்டுபவர் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்வதற்காக விட்டது. மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னுக்குத் தள்ளி இருக்க வேண்டும். வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். இந்த வண்டி கவிழாமல் நிற்பதில் பாதி வேலை ஓட்டுபவரின் உடம்புடையது. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்த வேலையைச் செய்ய இடமில்லை. அதோடு அவருடைய பாரம் முழுவதும் பின்சில்லுகளுக்கு மேலே, சிலவேளை அதற்கும் பின்னால் விழும். முன்சில்லுகள் நிலத்தைச் சரியாகப் பிடிக்காது. தட்டையான இடத்தில் இது தெரியாது. மேடு வந்தவுடன் தெரியும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இந்த வண்டிகளைத் திருத்தும் வேலைக்கு நான் வந்து 21 வருடம். வந்த முதல் கோடையில், ஒருவர் ஓடும் வண்டியில் என் மைத்துனரைப் பின்னால் சாமான் கட்டுகிற கம்பித் தட்டில் இருத்திக்கொண்டு ஒரு மேட்டில் ஏறினேன். பெரிய மேடு அல்ல, இரண்டு ஆள் உயரம்கூட வராது. பாதி ஏறியதும் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. நான் முன்னுக்குச் சாயப் பார்த்தேன். அவர் பயத்தில் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். வண்டி அப்படியே மல்லாக்கக் கவிழ்ந்தது. நான் ஒரு பக்கம் உருண்டேன். அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. 270 கிலோ இரும்பு அவருடைய தலைக்கு அரை முழம் தள்ளி விழுந்தது. அவர் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார். ஆனால் அந்த அரை முழம் என் மனதை விட்டுப் போகவில்லை. வண்டி பழக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டுத்தான் திறப்பைக் கையில் கொடுக்கிறேன்.

ஆகவே, உங்கள் வீட்டு அம்மா வருடத்துக்கு இரண்டு தரம் ஏறுவாரென்றாலும் ஒருவர் ஓடும் வண்டி வாங்காதீர்கள். இருவர் போகவென்றே செய்த ஏ.ரி.வி. இருக்கிறது. பொலாரிஸ் நிறுவனத்தில் ஸ்போர்ட்ஸ்மன் ரூரிங் 570, கான்-ஆமில் அவுட்லாண்டர் மக்ஸ் என்று வரும். சீஎஃப்மோட்டோவும் இருவர் வண்டி விற்கிறது, விலை கொஞ்சம் இறக்கம். இவற்றில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் கூட. மக்ஸில் அது சாதாரண அவுட்லாண்டரை விட ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம். பின்னால் இருப்பவரின் பாரம் பின்சில்லுக்கு முன்னால் வந்து விழும்படி அமைத்திருப்பார்கள். அவருக்குத் தனியாக உயர்ந்த இருக்கை, முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கைபிடி, கால் வைக்க மேடை எல்லாம் இருக்கும். உங்கள் இடுப்பைப் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

இந்த நீளத்துக்கு ஒரு விலை உண்டு. ஒடுங்கிய காட்டுப் பாதையில் திருப்புவது சிரமம். தனியாக ஓடும்போது வண்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நீங்கள் ஆறுதலாக ஓடப் போகிறவர், அது உங்களுக்குப் பெரிய குறை அல்ல.

பேரனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருவர் வண்டிகளில்கூட, பின்னால் இருப்பவருக்குக் குறைந்தது 12 வயது ஆகியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வண்டியிலேயே ஒட்டி விடுகிறார்கள். காரணம் எளிது. பின்னால் இருப்பவரின் கால் மேடையில் ஊன்ற வேண்டும், கை கைபிடியை எட்ட வேண்டும், குலுங்கும்போது தாக்குப் பிடிக்கிற பலம் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடம் இது மூன்றும் இல்லை. ஒன்ராறியோவில் வீதி ஓரமாகப் போகும்போது எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை ஏற்றுவது சட்டப்படியும் பிழை. அவன் அழுவான், தெரியும். என்ஜின் நிறுத்திய வண்டியில் தலைக்கவசத்தோடு ஏற்றிப் படம் எடுங்கள். வண்டி கழுவும்போது தண்ணீர்க் குழாயை அவன் கையில் கொடுங்கள். ஓடுகிற வண்டியில் உங்களுக்கு முன்னால் மடியில் இருத்துவது எல்லாவற்றையும்விட மோசம். அந்தப் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சரி, 850 என்ன பிழை? மகன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கார் வாங்குவது போல யோசிக்கிறார். ஸ்போர்ட்ஸ்மன் 570-ல் 44 குதிரைவலு, 850-ல் 78. அந்த மிச்ச 34 குதிரைவலு எங்கே தேவைப்படும்? ஆழச் சேற்றில், நீளமான செங்குத்து மேட்டில், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகையில். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வேகம் 15 முதல் 35 வரைதான். இந்த வேகத்தில் பெரிய என்ஜின் உங்களுக்குத் தருவது பாரம், சூடு, கூடிய விலை. இன்னொன்றும் இருக்கிறது. வேகம் கூட்டுகிற நெம்பைக் கொஞ்சம் கூட அழுத்தினாலே முன்னுக்குப் பாயும். பின்னால் ஒருவர் அதை எதிர்பாராமல் இருக்கும்போது அந்தப் பாய்ச்சல் நல்லதல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வேலைத்தலத்துக்கு ஒரு 850 வந்தது. வாங்கியவர் உங்களைப் போல இளைப்பாறியவர், உங்களைவிட ஒரு வயது மூத்தவர். இரண்டு கோடை முடிந்திருந்தது. மானியில் 143 கிலோமீற்றர். புது ரயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி கூட உதிரவில்லை. பின்பக்கப் பிளாஸ்ரிக்கில் மட்டும் ஒரே உயரத்தில் நாலைந்து கீறல். கொட்டகைக்குள்ளிருந்து பின்னுக்கு எடுக்கும்போது கதவு நிலையில் உரசியது என்று சொன்னார். பிறகு மெல்லக் கேட்டபோதுதான் சொன்னார், எடுக்கவே மனம் வரவில்லை, ஒவ்வொரு தரமும் அது தன்னை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கிறது என்று. ஓடாமல் நிற்கிற வண்டியைப் பார்ப்பது எனக்கு எப்போதும் கவலை. அதை விற்றுவிட்டு 450 சீசீ வண்டி எடுத்தார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடுகிறார்.

இனி உங்கள் உடம்புக்கு வருவோம். விற்பனை நிலையத்தில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்.

முதலில் பெருவிரல். ஏ.ரி.வி.யில் வேகம் கூட்டுவது வலது கைப் பெருவிரலால். ஒரு சின்ன நெம்பு, அதை ஓடுகிற நேரம் முழுவதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 29 வருடம் தொழிற்சாலையில் உழைத்த கை உங்களுடையது. பெருவிரல் அடிமூட்டில் வாதம் இருந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கடையில் என்ஜினை நிறுத்தி வைத்தபடி அந்த நெம்பைப் பாதி அழுத்திப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். விற்பனையாளர் ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பார், கதைக்கட்டும். சில வண்டிகளில் நெம்பின் வில் இறுக்கம், சிலவற்றில் இளக்கம். உங்கள் விரலுக்குத்தான் தெரியும்.

அடுத்தது முழங்கால். இடது பக்கத்தில் நின்று ஏறும்போது வலது காலைத்தான் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். அதுதான் நீங்கள் மாற்றிய முழங்கால். இருக்கை நிலத்திலிருந்து 85 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். சாய்மானம் உள்ள இருவர் வண்டியில் காலைப் பின்பக்கமாகச் சுழற்ற முடியாது, இருக்கைக்கு மேலாக மடித்துக் கொண்டுபோக வேண்டும். இடது காலைக் கால்மேடையில் வைத்து, இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்து, எழுந்து நின்று, பிறகு வலது காலை ஆறுதலாக மாற்றுங்கள். அதற்கு முன் நிறுத்தப் பிறேக் போட்டிருக்க வேண்டும். நீங்கள் முதலில் ஏறி, வண்டியை நிலையாகப் பிடித்த பிறகுதான் அம்மா ஏற வேண்டும். இறங்கும்போது அவர் முதல்.

பிறேக்கையும் பாருங்கள். ஹொண்டாவில் வலது கை முன்சில்லுக்கு, இடது கையும் வலது காலும் பின்சில்லுக்கு. ஸ்போர்ட்ஸ்மனில் இடது கையில் உள்ள ஒரே பிறேக் நான்கு சில்லையும் பிடிக்கும். வலது காலை நம்ப வேண்டியதில்லை என்பதால் உங்களுக்கு இது லேசு. காலால் கியர் மாற்றுகிற வண்டிகளை விட்டுவிடுங்கள். தானாக மாறுகிறது போதும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வாங்காதீர்கள். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லில் முன்சில்லு மோதும்போது கைபிடி சடாரென்று திரும்பும். அந்த அடி மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகும். பவர் ஸ்டியரிங் அதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். அதேபோலப் பின்பக்கத்தில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்குகிற வகையா, ஒரே அச்சில் சேர்ந்தாடுகிற வகையா என்று கேளுங்கள். தனித்தனி வகைதான் உங்கள் முதுகுக்கு. ஒரே அச்சு வகை பாரம் இழுக்க நல்லது, பராமரிப்பும் குறைவு, ஆனால் ஒவ்வொரு குழியும் நாரியில் ஏறும்.

முதுகுக்கு இன்னொரு மருந்து ரயர்க் காற்று. இந்த ரயர்களுக்குக் காற்று மிகக் குறைவாக வேண்டும், நாலு முதல் ஏழு பீ.எஸ்.ஐ. வரை. கார் ரயரில் 32 போடுகிற பழக்கத்தில் பெற்றோல் நிலையத்தில் 20 அடித்துவிட்டு, வண்டி குதிக்கிறது, அதிர்வுதாங்கி சரியில்லை என்று கொண்டு வருவார்கள். காற்றைக் குறைத்துக் கொடுப்பேன், வேறொன்றும் செய்ய வேண்டியிராது. கார் அளவுமானி இந்தச் சின்ன அளவைச் சரியாகக் காட்டாது. ஏ.ரி.வி.க்கென்று ஒன்று வாங்கி வைத்திருங்கள்.

லான்ட்மாஸ்டர் ஓடிய அனுபவம் வீண் போகாது. என்ஜின் சத்தம் மாறுவது உங்களுக்குக் காதில் விழும், சேறு எப்படிப் பிடிக்கும் என்பது கைக்குத் தெரியும். ஆனால் லான்ட்மாஸ்டரில் நீங்கள் பின்னால் நடந்தீர்கள் அல்லது பெட்டியில் இருந்தீர்கள். அது புரண்டால் கையை விட்டுவிடலாம். இதில் அதன் மேலேயே இருக்கிறீர்கள், கீழே போனால் வண்டி உங்கள் மேல் வரும். அதனால் கனடா பாதுகாப்புப் பேரவையின் ஏ.ரி.வி. பயிற்சியை ஒரு நாள் போய் எடுங்கள். அம்மாவும் கூடப் போய் நின்று பார்க்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் மேட்டில் முன்னுக்குச் சாய வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இறக்கங்களில் என்ஜினே வண்டியைப் பிடித்து மெதுவாக இறக்குகிற வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தானியங்கி வண்டிகள் பலவற்றில் கியருக்குப் பதில் ஒரு பட்டி ஓடும். சிலவற்றில் வேகம் குறைந்ததும் அந்தப் பட்டி விடுபட்டு வண்டி சும்மா உருளத் தொடங்கும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு உருளுகிற வண்டியைப் பிறேக்கால் மட்டும் பிடிப்பது கஷ்டம். மேட்டிலும் இறக்கத்திலும் நீங்கள் 'லோ' கியரில் போடப் பழகிவிட்டால் பட்டியும் நீண்ட நாள் உழைக்கும்.

எங்கே ஓடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வண்டியைத் தெரிவு செய்ய அதுவும் வேண்டும், அதோடு உங்களுக்கு வாய்த்த இடம் அப்படி. கின்மவுன்டிலிருந்து ஹலிபேர்ட்டன் வரை ஒரு பழைய ரயில் பாதை இருக்கிறது, ஏறக்குறைய 36 கிலோமீற்றர். விக்ரோரியா ரயில்வே 1878-ல் ஹலிபேர்ட்டனை எட்டியது. இப்போது தண்டவாளம் இல்லை, சரளை பரவிய பாதைதான். நீராவி என்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது, சடுதியாகத் திரும்பவும் முடியாது. அதனால் மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் ஒரே சீராகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதை உங்கள் முழங்காலுக்கும் அம்மாவின் முதுகுக்கும் இப்போது உதவுகிறது. கின்மவுன்டிலிருந்து மேலே போகும்போது பேர்ன்ட் ஆறு கூடவே வரும். ஒக்ரோபர் முதல் வாரம் மேப்பிள் இலை சிவந்து நிற்கையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் போய்ப் பாருங்கள். நடந்து வருகிறவர்கள், குதிரையில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அது பொதுப் பாதை. ஆளைக் கண்டால் நடை வேகத்துக்குக் குறையுங்கள், குதிரையைக் கண்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள்.

இப்படிப்பட்ட பாதைக்கு 570 வண்டி இரண்டு பேரோடு நிறையப் போதும். மகனுக்கு இதைக் காட்டுங்கள்.

சட்டம் சுருக்கமாக. உங்கள் சொந்தக் காணியை விட்டு வெளியே வந்தால் பதிவுத் தகடு, காப்புறுதி, தலைக்கவசம் மூன்றும் கட்டாயம். காணிக்குள்ளும் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள், மரவேருக்கு எல்லை தெரியாது. வீதி ஓரமாகப் போகலாமா என்பது அந்த ஊர் நகரசபையின் துணைச்சட்டத்தைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் அது மாறும். அனுமதித்த இடத்திலும், வீதியின் வேக எல்லை 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் நீங்கள் 20-க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேற்பட்ட வீதியில் உங்களுக்கு 50. சாரதி அனுமதிப்பத்திரம் குறைந்தது ஜீ2 (கார் ஓட்டுகிற இரண்டாம் படி) வேண்டும், உங்களிடம் இருக்கும். பாதைகளுக்கு உள்ளூர்ச் சங்கங்களின் அனுமதி வேண்டியிருக்கும், ஓடத் தொடங்குமுன் கேட்டு வாங்குங்கள். பனி உருகும் காலத்தில் பல பாதைகளை மூடி வைப்பார்கள். குளிர்காலத்தில் பனிவண்டிச் சங்கங்கள் பராமரிக்கும் தடங்களில் ஏ.ரி.வி. போகக்கூடாது. முன்னால் ஒரு தள்ளு தகடு பூட்டி உங்கள் வீட்டு வழியில் பனி ஒதுக்கலாம், அது நல்ல உபயோகம். உறைந்த ஏரிக்கு மேல் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

நவம்பரில் அந்தப் பக்கம் மான் வேட்டைக் காலம் வரும். அந்த நாட்களில் செம்மஞ்சள் மேற்சட்டை இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். மே, ஜூன் மாதங்களில் கறுப்பு ஈ. கோடை முழுவதும் உண்ணி. லைம் நோய் அதால் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சின்ன அடியும் பெரிதாகலாம். மரங்களுக்குள் தொலைபேசி பல இடத்தில் எடுக்காது. செய்மதி வழியாக உதவி கேட்கிற தொலைபேசி அல்லது சின்னக் கருவி ஒன்று சட்டைப் பையில் இருக்க வேண்டும். வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், நீங்கள் ஓரிடம் வண்டி ஓரிடம் என்று ஆகும்போதுதான் அது தேவைப்படும்.

காசுக் கணக்கு. 15,000 என்பது எல்லாம் சேர்த்து என்கிறீர்கள். 12,000 டொலர் வண்டிக்கு 13 வீத வரியோடு 13,560 ஆகிவிடும். அதற்கு மேல் ஏற்றுக்கூலி, பூட்டிக் கொடுக்கிற கூலி என்று விற்பனை நிலையம் சேர்க்கும். "கையில் திறப்பு வாங்கும்போது மொத்தம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு தலைக்கவசம், கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து, காப்புறுதி எல்லாம் மிச்சத்துக்குள் வர வேண்டும். அம்மாவின் தலைக்கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாரம் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், கழுத்துக்கு அது பெரிய ஆறுதல்.

இந்தத் தொகைக்குள் புதிய இருவர் வண்டி இறுக்கமாகத்தான் வரும். இரண்டு மூன்று வருடம் ஓடிய பழைய வண்டி உங்களுக்கு நல்ல வழி. மானியில் கிலோமீற்றரை மட்டும் பார்க்காமல் மணித்தியாலத்தையும் பாருங்கள். 2,000 கிலோமீற்றர், 120 மணித்தியாலம் என்றால் சாதாரண ஓட்டம். 600 கிலோமீற்றருக்கு 200 மணித்தியாலம் என்றால் பனி தள்ளியோ பாரம் இழுத்தோ உழைத்த வண்டி, பட்டியும் என்ஜினும் களைத்திருக்கும். சில்லுக்கு உட்பக்கம் அச்சில் ஒரு ரப்பர் உறை இருக்கும், அது கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும். ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், தளர்வு இருக்கக்கூடாது. எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, அந்த இடத்திலேயே நன்றி சொல்லி வந்துவிடுங்கள். காற்றுவடி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே சேறு காய்ந்திருந்தால் அந்த வண்டி மூழ்கி எழுந்தது. வண்டியின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மாகாணத்தில் வசதி இருக்கிறது, அதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

அந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் பழைய மூன்று சில்லு ஏ.ரி.வி. சிலவேளை மலிவாக வரும். 1970-ல் ஹொண்டா தொடக்கி வைத்த வகை. கவிழ்ந்து பலர் இறந்தும் காயப்பட்டும் போக, 1988-ல் அமெரிக்காவில் அரசோடு செய்த உடன்பாட்டில் தயாரிப்பாளர்கள் புதியவற்றை விற்பதை நிறுத்தினார்கள். சும்மா தந்தாலும் வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை இருவர் வண்டி உள்ள விற்பனை நிலையத்துக்குப் போவேன். வாங்க அல்ல, இருந்து பார்க்க. அவர் காட்டுக்குப் போடுகிற சப்பாத்தோடு வரட்டும், தலைக்கவசமும் போடட்டும். நீங்கள் முன்னால், அவர் பின்னால், கால் மணித்தியாலம் அப்படியே இருங்கள். அவருடைய கால் மேடையில் முழுதாக ஊன்றுகிறதா, கைபிடி எட்டுகிறதா, உங்கள் தலைக்கு மேலால் பாதை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தரம் எல்லோரும் ஏறுவார்கள், மூன்றாவது தரம்தான் இடுப்பு உண்மை பேசும். வண்டியில் ஒட்டியிருக்கிற சுமை எல்லையைப் பார்த்து, இரண்டு பேரின் நிறையோடு தண்ணீர், சாப்பாட்டுப் பை எல்லாம் கூட்டி அதற்குள் வருகிறதா என்றும் கணக்குப் பாருங்கள்.

அங்கே வைத்து அவரிடம் விருப்பமா என்று கேட்காதீர்கள். விற்பனையாளர் பக்கத்தில் நிற்கும்போது உங்களுக்காக ஓம் என்றுதான் சொல்வார். வீடு வருகிற வழியில் தேநீர் குடிக்கிற இடத்தில் கேளுங்கள்.

ஓம் என்றால் ரூரிங் 570 அல்லது சின்ன என்ஜின் போட்ட மக்ஸ், பழையதாகப் பாருங்கள். ஏற முடியவில்லை, அல்லது முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு கதைக்க முடியாது என்று சொன்னால், சைட் பை சைட் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, வளையச் சுக்கான், இருக்கைப் பட்டி, தலைக்கு மேல், வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கிற கூடு. ஏறுவது காரில் ஏறுவது போலத்தான். ஹொண்டா பயோனியர் 520 போல 127 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் அடங்குகிறதைப் பாருங்கள். அதைவிட அகலமானவை சில ஒடுங்கிய பாதைகளுக்குள் போகாது. உங்கள் தொகைக்குப் பழையதுதான் சரிவரும், அதில் குறையில்லை.

இல்லை, நீங்கள் தனியாகவே போங்கள், நான் வீட்டு முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் பார்க்கிறேன் என்று சொன்னால், யமஹா கோடியாக் 450, பவர் ஸ்டியரிங் உள்ளது. 421 சீசீ, பின்சில்லு தனித்தனி, இறக்கத்தில் என்ஜின் நன்றாகப் பிடிக்கும். தனியாக ஆறுதலாக ஓட இந்த அளவுக்கு மேல் எதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்படி வாங்கினால் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்பதில் உறுதியாக இருங்கள், அடுத்த கோடையில் அம்மா மனம் மாறிக் கேட்டாலும்கூட. அப்போது வண்டியை மாற்றுங்கள்.

அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பழைய வண்டி ஏதாவது பார்த்து வைத்தால் மானியின் படமும் அடிப்பக்கப் படமும் சேர்த்து அனுப்புங்கள், காசு கொடுக்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.